மண்டித் தராசில் மூன்று கிலோ

மதியழகனின் கைகள் சாக்கு வாயைத் தைத்துக்கொண்டிருந்தன. இடது கை இரண்டு விளிம்பையும் சேர்த்து மடித்துப் பிடிக்க, வலது கை கோணி ஊசியைக் குத்தி, சணலை இழுத்து, ஒரு சுண்டு சுண்டி இறுக்கிவிட்டு அடுத்த குத்துக்குப் போனது. பார்க்காமலே தைப்பான். மீசை முளைக்கும் முன்பே தருமபுரியில் இந்தப் புளி மண்டிக்கு மூட்டை தூக்க வந்தவன். பிறகு எடை போடுகிறவனாக உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் வயிறு வந்தது. இப்போது நாற்பதை நெருங்குகிறான். மூட்டைக்கும் அவனுக்கும் நடுவே அந்த வயிறு மூன்றாவது ஆள் போல வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை ஒதுக்கிவிட்டுத்தான் குனிய வேண்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மண்டிக்கு விடுமுறை. தைக்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. தராசில் ஏறப் பயந்துகொண்டு தைத்தான்.

"ஊசியை வெச்சிட்டு வாடா. மூட்டை ரெடியா நிக்குது" என்று சின்னராஜ் கத்தினான்.

அவன் சொன்ன மூட்டை அவனேதான். சட்டையைக் கழற்றி உத்தரத்துக் கம்பியில் மாட்டிவிட்டு, அரை டிரவுசரோடு தராசு மேடையின் ஓரத்தில் நின்றான். சின்னராஜ் லோடு வண்டி ஓட்டுகிறவன். அவனுக்குப் பக்கத்தில் நெஞ்சைச் சொறிந்துகொண்டு நின்ற பச்சியப்பன், நல்லம்பள்ளி ஓட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டர். மூவரும் நல்லம்பள்ளியைத் தாண்டி ஒரே ஊர். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் நின்றுபோனவர்கள். சட்டையில்லாமல் அவர்களைச் சேர்த்துப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்த மூன்று வயிறுகளும் கரைய வேண்டிய காரணம் சிரிப்புக்குரியதல்ல.

மதியழகனின் மனைவி எழிலரசிக்கு முப்பத்தைந்து வயது. மகள் ஐஸ்வர்யாவைச் சுமந்தபோது ரத்த அழுத்தம் ஏறியது. பிரசவத்தோடு அது போய்விட்டதென்று நினைத்து, அப்புறம் யாரும் அளந்து பார்க்கவில்லை. பல வருடம் கழித்து முகமும் காலும் ஊதிப் போய்க் காட்டியபோது, இரண்டு சிறுநீரகமும் சுருங்கியிருந்தன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இயந்திரத்தோடு இணைப்பதற்காக இடது கையில் ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்தார்கள், அடைத்துக்கொண்டது. வலது கையில் செய்தார்கள், அதுவும் அடைத்துக்கொண்டது. இப்போது கழுத்தில் ஒரு குழாய் தொங்குகிறது. ராத்திரி முழுக்க வாசலைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதற்கும் கழுத்துக் குழாயோடு வாழ்வதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கிருமி எப்போது நுழையும் என்று சொல்ல முடியாது. டயாலிசிஸ் பிரிவின் நர்ஸ் சகாயமேரி இதை அவனிடம் மறைக்காமல் சொல்லியிருந்தாள்.

"இது ரொம்ப நாளைக்கு ஓடாதுங்க. மாத்துச் சிறுநீரகம் வெக்கிற வழியைப் பாருங்க."

கொடுக்க ஆள் வேண்டுமே. எழிலரசியின் அம்மா குள்ளம்மாளுக்குச் சர்க்கரை. தம்பிக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை. சேர்ந்தது மதியழகனுக்குத்தான். பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள். ரத்தம், நெஞ்சு, ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள். அவனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன என்றார்கள். எழிலரசி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு அவனைத் தராசில் ஏற்றினார்கள். தொண்ணூற்று நான்கு.

"எண்பதுக்குக் கீழே வந்துட்டு வாங்க" என்றார் டாக்டர். "இந்த உடம்பை வெட்டினா உங்களுக்கே ஆபத்து. அப்புறம் நீங்க ஒரே சிறுநீரகத்தோட வாழணும். இப்பிடியே இருந்தா அதுவும் கெட்டுப்போகும். இறங்கினதும் போன் பண்ணுங்க."

ஊருக்குத் திரும்பி டீக்கடையில் இதைச் சொன்னபோது சின்னராஜ் முதலில் சிரித்தான். பிறகு மதியழகனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மறுநாள் விடிந்தும் விடியாமலும் பச்சியப்பனையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றான். காலில் மகனுடைய பள்ளிக்கூட ஷூ.

"நீ தனியா நடந்தா ரெண்டாம் நாளே படுத்துக்குவ. கெளம்பு. மூணு பேரும் எறக்குவோம்."

அந்தப் பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளை தனியாக உடம்பைக் குறைக்க முடியாது. கெடா வெட்டு, காதுகுத்து, வளைகாப்பு என்று மாதத்துக்கு நான்கு பந்தி வரும். ஒருத்தன் மட்டும் கறி வேண்டாமென்று கையை மறித்தால், பொண்டாட்டியோடு சண்டையா, எங்க வூட்டுக் கறி உனக்கு எறங்காதா என்று பந்தி முழுக்க வழக்காகிவிடும். மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து மறித்தால், ஏதோ வேண்டுதல் போல என்று பரிமாறுகிறவன் தாண்டிப் போய்விடுவான். அப்படித்தான் ஆடி மாதப் பந்திகளைத் தாண்டினார்கள்.

தினமும் ஏரிக்கரையில் நடை. பிறகு ஓட்டம். பச்சியப்பன் மாவு பிசைந்த கையோடு வந்து, ஓடிக்கொண்டே புலம்புவான்.

"என் கையால போட்ட பரோட்டாவை ஊரே திங்குது. நான் மோந்து பாத்துட்டு வரேன். எந்த மாஸ்டருக்காச்சும் இந்தக் கதி உண்டா?"

"மோந்து பாத்தாலும் ஏறும்டா உனக்கு. மூக்கை மூடிக்கிட்டு போடு" என்பான் சின்னராஜ்.

வீட்டில் மதியழகன் இரண்டு சமையல் செய்தான். அவனுக்கு நல்லது அவளுக்கு ஆகாது. அவன் சாப்பிட வேண்டிய களியும் கீரையும் பயறும் அவளுக்கு விஷம். அவளுக்கு வேண்டிய வெள்ளைச் சோறு அவனைக் குண்டாக்கும். அவளுக்கான காயை நறுக்கி, பொட்டாசியம் போக ஊறப்போட்டு, வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்பில்லாமல் தாளிப்பான். அவள் விட்ட மிச்சச் சோற்றை முன்பெல்லாம் அவன்தான் வழித்துச் சாப்பிடுவான். இப்போது கோழிக்குப் போடுகிறான். அவள் அதைப் பார்த்துவிட்டு, "கோழிக்கு எப்போ ஆப்பரேசன்?" என்றாள். அவள் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

எடை இறங்கியது. ஞாயிறுதோறும் மண்டித் தராசில் ஏறிப் பார்த்தார்கள். ஐப்பசியில் தொண்ணூறுக்குக் கீழே வந்தான். மார்கழியில் எண்பத்து மூன்று. அதோடு நின்றுவிட்டது. தை முழுக்க ஓடினான். ராத்திரிச் சாப்பாட்டை விட்டான். எண்பத்து மூன்று கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. அந்த மாதத்தில்தான் டயாலிசிஸ் நடுவில் எழிலரசிக்கு ஒரு முறை குளிர் நடுக்கம் வந்துபோனது. சகாயமேரி ஊசி போட்டு அடக்கினாள். அவன் முகத்தைப் பார்க்காமல் அடுத்த கட்டிலுக்குப் போனாள். அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது.

அதன் பிறகு சின்னராஜ் யாரோ சொன்னார்கள் என்று கொள்ளு ரசம் கொண்டுவந்தான். ஒரு வாரம் மூவரும் காலையில் அதைக் குடித்துவிட்டு ஓடினார்கள். அந்த வாரம்தான் மண்டியில் புளி சீசன் தொடங்கியது. அந்த வாரத்து ஞாயிறுதான் இது.

மதியழகன் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டு எழுந்தான்.

சின்னராஜ் முதலில் ஏறினான். "அடேய்!" என்றான். மூன்று கிலோ குறைந்திருந்தது. பச்சியப்பன் ஏறினான். அவனுக்கும் மூன்று. மதியழகன் கண்ணை மூடிக்கொண்டு ஏறினான்.

"எழுபத்தொம்போது எண்ணூறு!" சின்னராஜின் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. "எண்பதுக்குக் கீழே! மாப்ள, எண்பதுக்குக் கீழே!"

பச்சியப்பன் அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். அழுகைக்கு நடுவில் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அதெப்பிடிடா மூணு பேருக்கும் ஒரே அளவு கொறையும்?"

"ஒரே கொள்ளுத்தானடா குடிச்சோம்!" என்றான் சின்னராஜ்.

அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. மதியழகன் எழிலரசிக்குப் போன் செய்தான். "வூட்டுக்கு வாங்க. ஒரு வாய் சோறு தின்னுங்க" என்றாள்.

பெங்களூரில் தேதி கொடுத்தார்கள். அறுவைச் சிகிச்சைக்கு அனுமதி தரும் குழு அந்த வாரம் கூடுகிறது, அன்றைக்கே எல்லாம் முடித்துவிடலாம் என்றார்கள். சின்னராஜ் துணைக்கு வந்தான். ரயிலில் போனார்கள். வெறும் வயிற்றோடு போனால் இன்னும் கொஞ்சம் குறையும் என்று மதியழகன் இட்லியைக்கூடத் தொடவில்லை.

மருத்துவமனையில் கொடையாளர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் அவனை அடையாளம் கண்டு சிரித்தாள். கன்னடம் கலந்த தமிழில் பேசுகிறவள். "பரவால்லே சார், நல்லா இளைச்சிட்டீங்க. ஏறுங்க."

ஏறினான். எண்பத்து இரண்டு, தொள்ளாயிரம்.

"உங்க மிஷின் தப்பு" என்றான் மதியழகன். "நான் எடை போடறவன்ங்க. இருபது வருசமா அதுதான் வேலை. எனக்குத் தெரியாதா?"

"எறங்குங்க சார். மறுபடி ஏறுங்க."

இறங்கினான். தராசின் எண்கள் ஓடி நின்றன. பூஜ்யம். அவன் அந்தப் பூஜ்யத்தையே பார்த்தான். அது அவனுக்குப் புதிதாக இருந்தது. சீசன் நாளில் ஆளில்லாத தராசு இப்படி இருக்காது. அப்போதுதான் மண்டித் தராசு அவன் நினைவுக்கு வந்தது.

மண்டியில் புளி வாங்கும்போது மூட்டைக்கு மூன்று கிலோ கழிப்பார்கள். சாக்குக்கு, தூசிக்கு, ஈரத்துக்கு. விவசாயிக்கும் தெரிந்த பழக்கம், ஒளிவு மறைவு இல்லை. ஒவ்வொரு மூட்டைக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடாமல் இருக்க, சீசன் தொடங்கும் அன்று காலிச் சாக்கையும் படிக்கல்லையும் மேடையில் வைத்து ஒரு பொத்தானை அழுத்திவிட்டால், தராசு தானாகவே கழித்துச் சொல்லும். மேடையில் ஒன்றுமில்லாதபோது மைனஸ் மூன்று என்று நிற்கும். மூன்று மாதம் அப்படியே நிற்கும். வருடா வருடம் பார்த்துப் பார்த்து, மைனஸ் மூன்று என்பது அவன் கண்ணுக்குப் பூஜ்யமாகிவிட்டிருந்தது. இந்த வருடமும் அந்தப் பொத்தானை அழுத்தியது அவன் விரல்தான்.

"மூணு கிலோதானேங்க" என்றான்.

"ஒரு கிலோன்னா டாக்டர்கிட்ட பேசிப் பாப்பேன். மூணுன்னா மயக்க டாக்டர் ஒத்துக்க மாட்டார் சார். அடுத்த குழு அடுத்த மாசம். அதுக்குள்ள எறங்கிடுவீங்க. பேஜார் படாதீங்க."

திரும்பும் ரயில் ஓசூரைத் தாண்டியது. சின்னராஜ் சொன்னான்: "புளிக்குக் கழிச்ச மாதிரி நமக்கும் கழிச்சிருக்குது. தூசி, ஈரம். நல்லவேளை கொட்டைக்குத் தனியாக் கழிக்கல."

மதியழகன் சிரிக்கவில்லை. "அவகிட்ட என்னான்னு சொல்றது?" என்றான்.

அன்று சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. அவர்கள் தருமபுரியில் இறங்கியபோது எழிலரசி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருந்தாள். நடுக்கம், காய்ச்சல், வாய் குழறல். கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. அந்தக் குழாயை எடுத்துவிட்டுத் தொடையில் தற்காலிகமாக ஒன்றைப் போட்டார்கள். தொடையில் குழாய் இருந்தால் உட்காரக்கூடாது, காலை மடக்கக்கூடாது. மல்லாந்தே கிடக்க வேண்டும். முதுகு புண்ணாகாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை. குள்ளம்மாள் பகலில் பார்த்துக்கொண்டாள். மாலையில் அவன் வந்து துடைத்துவிட்டு, துணி மாற்றி, தோளுக்கடியில் தலையணையை நகர்த்தி வைப்பான்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது; தராசு கழித்த மூன்று கிலோவைப் பற்றி அப்போதுதான் அவளிடம் சொன்னான். சகாயமேரி அவனை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"கிருமி முழுசாப் போறதுக்கு மூணு வாரம் மருந்து ஏறணும். அதுக்குள்ள பெங்களூர்க்காரங்க இவங்களைத் தொட மாட்டாங்க. ஆனா அது முடிஞ்ச உடனே போயிடணும். இன்னொரு தடவை இப்பிடி வந்தா எனக்குப் பயமா இருக்குது. உங்க பக்கத்து வேலை அன்னைக்கு ரெடியா இருக்கணும்."

மூன்று வாரத்தில் மூன்று கிலோ. ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒழுங்காக நடந்தால் கிட்டத்தட்ட முடிகிற காரியம்தான். சின்னராஜ் அதைத்தான் சொன்னான். பச்சியப்பனும் சொன்னான். ஆனால் தை மாதம் முழுக்க அசையாத எண்பத்து மூன்று மதியழகனின் தலைக்குள் இருந்தது. அது மறுபடி அசையாமல் நின்றால்? மாலையில் அவள் முதுகைத் துடைக்கும்போது விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட்டன. இவள் கரைகிறாள், நான் கரையவில்லை என்று நினைத்தான். அந்த நினைப்பு வந்த பிறகு அவன் புத்தி வேலை செய்யவில்லை.

வீட்டு அலமாரியில் எழிலரசியின் பழைய மாத்திரைகள் இருந்தன. டயாலிசிஸுக்கு முந்தைய காலத்தில், உடம்பில் சேரும் நீரைச் சிறுநீராக இறக்குவதற்குக் கொடுத்தவை. அவை போட்ட நாட்களில் அவள் வீக்கம் வடிந்து எடை சரசரவென்று இறங்கியதை அவனே பார்த்திருக்கிறான். காலையில் ஒன்று போட்டான். சாயங்காலம் ஒன்று. தண்ணீர் குடிப்பதை நிறுத்தினான். வாய் உலர்ந்தால் கொப்பளித்துத் துப்பினான். வெயிலில், சட்டைக்கு உள்ளே உரச் சாக்குப் பிளாஸ்டிக்கைச் சுற்றிக்கொண்டு தனியாக ஓடினான். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டான். நண்பர்களிடம் எதையும் சொல்லவில்லை. பொத்தானை அழுத்தித் தராசைச் சரியாகப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுத்தான் இப்போது ஏறினான். ஒரே வாரத்தில் எண்பது சொச்சம்.

உடம்பைப் பற்றித் தெரிந்தவர்கள் யாரிடமாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். இப்படி இறங்குவது கொழுப்பு அல்ல, தண்ணீர். அந்தத் தண்ணீர் இல்லாமல் சிறுநீரகம் வேலை செய்ய முடியாது. மேலே வலி மாத்திரையும் சேர்ந்தால் நல்ல சிறுநீரகமும் திணறும். கேட்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்ததோ என்னவோ.

மறுநாள் விடிகாலையில் ஏரிக்கரையில் மூவரும் ஓடிக்கொண்டிருந்தபோது மதியழகன் பின்தங்கினான். திரும்பிப் பார்த்த பச்சியப்பன், அவன் கரையோரத்தில் மெதுவாகக் குந்தி, அப்படியே பக்கவாட்டில் சாய்வதைக் கண்டான். நாக்கு மரக்கட்டை போலிருந்தது. கண் உள்ளே போயிருந்தது. கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொண்டு கல்லாகியிருந்தது. சின்னராஜ் அவன் சட்டையைக் கிழித்தபோது உள்ளே பிளாஸ்டிக்.

"அட நாசமாப் போனவனே, என்னாடா பண்ணி வெச்சிருக்க?"

லோடு வண்டியின் பின்னால் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் படுக்கவைத்துத் தருமபுரிக்கு ஓட்டினான். பச்சியப்பன் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தான்.

அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு கையிலும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். விஷயம் தெரிந்து சகாயமேரி மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ரிப்போர்ட்டைப் பார்த்தாள். பார்த்த பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன மாத்திரை போட்டீங்க?"

மதியழகன் கூரையைப் பார்த்தான். சின்னராஜ் அவன் டிரவுசர் பையில் கைவிட்டு, பாதி காலியான அட்டையை எடுத்து நீட்டினான்.

"இது எழிலரசியோடது" என்றாள் சகாயமேரி. "நீங்க குடுக்கறதுக்கு வெச்சிருந்த உறுப்பு எது? சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க."

அவள் காகிதத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். டயாலிசிஸ் வீட்டுக்காரர்களுக்கு அந்த ஒரு எண் தெரியும். ரத்தத்து உப்பு என்பார்கள், சிறுநீரகம் கெடக் கெட ஏறும். பெங்களூரில் பார்த்தபோது அவனுக்கு ஒன்றுக்குக் கீழே இருந்தது. இப்போது இரண்டரையைத் தாண்டியிருந்தது.

"திரும்ப வருமா, சிஸ்டர்?" என்றான்.

"வரணும். பெரும்பாலும் வரும். வராமப் போனவங்களையும் பாத்திருக்கேன்." அவள் எழுந்தாள். "வந்தாலும் பெங்களூர்ல ரெண்டு மாசம் பாத்துட்டு, எல்லா டெஸ்டையும் முதல்லேர்ந்து எடுப்பாங்க. நானே போன் பண்ணி நடந்ததைச் சொல்லப் போறேன். மறைக்க மாட்டேன்."

"ரெண்டு மாசம் அவ தாங்குவாளா?"

"அதை நீங்க மாத்திரையை முழுங்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

பெண்கள் வார்டுக்குப் போய்ச் சொல்கிற வேலை பச்சியப்பன் தலையில் விழுந்தது. வெயிலில் மயக்கம், பெரிதாக ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தான். எழிலரசி அவனை நிறுத்தினாள்.

"உப்பு எவ்வளவுண்ணா?"

அவன் காலால் தரையைத் தேய்த்தான். பிறகு சொன்னான். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தொடையில் குழாய் இருந்ததால் உடம்பைத் திருப்ப முடியவில்லை.

சாயங்காலம் மதியழகன் போன் செய்தான். இரண்டு முறை அவள் எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தாள்.

"எத்தினி நாளா முழுங்குனீங்க?"

"ஒரு வாரம். அந்த மூணு கிலோவுக்காகத்தான்…"

"நான் கேட்டேனா அந்த மூணு கிலோவை?"

"ரெடியா இருக்கச் சொன்னாங்க, அரசி."

"எனக்குன்னு சேர்றது இந்த ஒலகத்துல ஒண்ணே ஒண்ணு உங்ககிட்டதான் இருந்துச்சு. அதைப் போயி களத்துல காயப்போட்ட புளி மாதிரி காயப்போட்டிருக்கீங்க."

அவன் அழுவது கேட்டது. அவள் அழவில்லை.

"நான் போயிட்டா ஐசுவுக்கு நீங்க இருக்கீங்கன்னுதான் நானு தூங்கறேன். நீங்களும் இந்த மெசினுல வந்து படுத்தா புள்ளை யார் வூட்டு வாசல்ல நிக்கும்? எங்கம்மா வூட்லயா? எங்கம்மாளுக்கே கண்ணு மங்கிக்கிட்டு வருது."

"தப்புதான்."

"தப்புன்னு சொல்லி என்னா ஆவுது? சிஸ்டர் என்னா குடிக்கச் சொன்னாங்களோ அதைக் குடிங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அவளுக்கு டயாலிசிஸ் முறை. அதற்கு முன்பே மதியழகனுக்கு மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உப்பு துளி இறங்கியிருந்தது. இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஆனால் ஏறாமல் இருக்கிறதே என்றார் டாக்டர். சிறுநீரைக் குடுவையில் பிடித்து அளந்தார்கள். தண்ணீர் குடிக்கச் சொல்லித் தலைமாட்டில் பாட்டிலை வைத்தார்கள். அவன் ஒரு வாய் குடிப்பான், பிறகு பாட்டிலையே பார்த்துக்கொண்டிருப்பான். தொண்டையில் இறங்கவில்லை என்றான். ஆயா இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுச் சகாயமேரியிடம் போய்ச் சொன்னாள்.

சகாயமேரிக்குக் கெஞ்சிக்கொண்டிருக்க நேரமில்லை. சக்கர நாற்காலியில் அவனை உட்காரவைத்து, குளுக்கோஸ் கம்பியோடும் தண்ணீர்ப் பாட்டிலோடும் மேலே கொண்டுவரச் சொன்னாள். எழிலரசியின் கட்டிலுக்குப் பக்கத்தில், இயந்திரத்துக்கு இந்தப் புறம் நிறுத்தினாள். "ரெண்டு பேரும் என் கண்ணு முன்னாடி இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

சின்னராஜும் பச்சியப்பனும் வேர்வையோடு கதவருகே வந்து நின்றார்கள்.

"ஓடுனீங்களா?" என்று எழிலரசி கேட்டாள்.

"ஓடுனோம்மா" என்றான் பச்சியப்பன். "இவன் இல்லாததால ஏரிக்கரை நாய் எங்க ரெண்டு பேரைத்தான் தொரத்துச்சு. முன்னெல்லாம் இவனைத்தான் பிடிக்க வரும், சதை அதிகம்னு."

"போயி வேலையைப் பாருங்க. நாளைக்கும் ஓடுங்க. இவருக்கு எந்திரிக்கத் தெம்பு வந்ததும் கூட்டிக்கிட்டு போங்க. மெதுவா. நடந்தாப் போதும்."

அவர்கள் போனார்கள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மதியழகன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எழிலரசி கையை நீட்டி, மேசையிலிருந்த பாட்டிலை எடுத்தாள். அவளுக்கு ஒரு நாள் முழுக்க அனுமதித்திருக்கும் தண்ணீர் இரண்டு டம்ளர்கூட இல்லை. உதடு வெடித்திருந்தது. படுத்த வாக்கிலேயே, சிந்தாமல், டம்ளரில் தண்ணீரை ஊற்றினாள்.

"பிடிங்க."

வாங்கினான். குடித்தான். பாதியில் நிறுத்தினான்.

"முழுசா."

முழுவதும் குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்குவதை அவள் கடைசி மடக்கு வரை பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து இரண்டாவது டம்ளரை ஊற்றினாள். அதையும் குடித்தான். மூன்றாவதை ஊற்றி நீட்டியபோது, போதும் என்று அவன் கையை மறித்தான். அவள் கையை எடுக்கவில்லை. டம்ளரைப் பிடித்தபடியே இருந்தாள். அவன் அதை வாங்கிக் குடித்துவிட்டு, காலி டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான்.